மூத்தவளுக்கு வந்த கடிதம்

அம்மா,

இன்று மாலை சின்னம்மா புதிதாக வந்த லைனிங் துணிக் கட்டைப் பிரித்தாள். கஞ்சி வாசனை குப்பென்று எழுந்தது. உன் முந்தானையில் எப்போதும் இருந்த வாசனை. என் தோழிகளின் அம்மாக்களிடம் தாளிப்பு வாசனையோ மஞ்சள் வாசனையோ வரும். உன்னிடம் கடை வாசனைதான் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பழைய எரிச்சல்தான்.

கடை எனக்கு எட்டு வயது மூத்தது. நீ அதை 'மூத்தவ' என்றுதான் சொல்வாய். காலையில் எனக்குப் பின்னல் போடும்போது, "அசையாம ஒக்காருடி, மூத்தவ காத்துகினு இருப்பா" என்று அவசரப்படுவாய். உனக்குச் சிறு வயதிலிருந்தே பிடித்த மலர்விழி என்ற பெயரை அவளுக்கே வைத்துவிட்டாய். மலர்விழி மேட்சிங் சென்டர். எனக்கு மிஞ்சியது அப்பாவின் குலதெய்வம் பெயர், பச்சையம்மாள். புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி எடுக்க வரும் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டால், "ஏம்மா, இந்தப் பச்சைக்கு மேட்சிங் இருக்குதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "இதுக்கு ஊர்லயே மேட்சிங் கெடையாதுங்க" என்று நீயும் சேர்ந்து சிரிப்பாய். உன்மேல் எனக்கு இரண்டு நாள் கோபம் இருக்கும்.

ஆனால் நான் அதிகம் பொறாமைப்பட்டது அந்தப் பெயருக்காக அல்ல. நீ புடவையைப் பார்க்கும் பார்வைக்காக.

கடைக்குள் நீ ஒரு நாளும் நிறம் சேர்த்ததில்லை. "டியூப் லைட்டு பொய் சொல்லும்" என்பாய். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலைந்து துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கால்வாய்மேல் கிடந்த வாசல் கல்லில் போய் நிற்பாய். பட்டின் ஓரத்தை வெயிலில் பிடித்து, துண்டை அதன்மேல் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாய். அந்த நேரம் யார் கூப்பிட்டாலும் உனக்குக் கேட்காது. யாரோ ஒருவருடைய புடவை, யாரோ ஒருவருடைய கல்யாணம். என் மதிப்பெண் அட்டையை நீ டியூப் லைட்டில்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டாய்.

ஒரே ஒரு முறை என்னையும் அந்தக் கல்லுக்குக் கூட்டிப்போனாய். ஏழாம் வகுப்பில், சாப்பாடு இறங்காமல் நான் வாடிக் கிடந்தபோது. என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, வெள்ளை லைனிங் துணியைக் கன்னத்தோடு ஒட்டி வைத்து, அதே போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். பிறகு, "மஞ்ச ஏறிக்கீது" என்றாய். மஞ்சள் காமாலை வந்ததற்குச் சந்தோஷப்பட்டவள் இந்த ஆரணியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன ஐப்பசியில் நகராட்சி அறிவிப்பு வந்தது நினைவிருக்கிறதா? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணாடி வைத்த பெரிய கடைகள் வந்தபிறகு நம் தெருவில் பாதி ஷட்டர்கள் மூடிக் கிடந்தன. பழைய கடைத்தெருவைத் தூக்கி நிறுத்த ஒரு திட்டம் என்றார்கள். கடையைப் புதுப்பித்தால் பாதிச் செலவு அவர்களுடையது, மூன்று வருடத்துக்குச் சொத்து வரியில் சலுகை. அதற்குப் பதிலாக, அதே தொழிலை இன்னும் ஐந்து வருடம் நடத்த வேண்டும். கால்வாயை மறைக்கும் வாசல் கல்லையும் எடுத்துவிட வேண்டும்.

எதிர்ப்பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் நம்பவில்லை. "குடுக்கிற மாரி குடுத்துட்டு அப்பால வரிய ஏத்துவானுங்க. பேஜாரு புடிச்ச வேல, உட்ருமா."

"ஏத்தட்டும்ணா" என்றாய் நீ. "ஏத்துற அளவுக்கு மொதல்ல யாவாரம் ஆவட்டும்."

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் என்னை உட்கார வைத்து விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னாய். 'கடையின் தேவையை விளக்குக' என்ற இடத்தில் முழுப் பக்கம் எழுதினேன். என் கட்டுரை நோட்டை ஒரு நாளும் திறந்து பார்க்காத நீ, அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாய். "நல்லா எழுதிகீற. அவளப் பத்தி எழுதுனா நல்லாத்தான் வருது ஒனக்கு" என்றாய். அந்தப் பாராட்டும் பாதி அவளுக்குப் போய்விட்டது. இன்ஜினீயர் போட்ட வரைபடத்தைக் காட்ட வந்தாய். நான் பார்க்க மாட்டேன் என்று புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். அவளுக்கு என்ன நகை பூட்டினால் எனக்கென்ன?

தை மாதம் நீ போய்விட்டாய். ஷட்டரைப் பாதி தூக்கியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். கடைசி வேலையும் அவளுக்குத்தான் செய்தாய்.

பதினாறாம் நாள் காரியத்தன்று கடிதம் வந்தது. உறையின்மேல் உன் பெயருக்கு முன்னால் அவள் பெயர் இருந்தது. திட்டத்தில் நம் கடையைச் சேர்த்திருக்கிறார்கள், பதினைந்து நாளுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள்.

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். "நான் வந்தவாசி பஸ்ல விசிலு ஊதிகினு கெடக்கறேன். கடைய யாரு பாக்கறது? செல்போன் கடைக்காரன் வாடகைக்குக் கேட்டுகினே கீறான். உட்டுட்லாம்."

"நான் கண்ணமங்கலத்துலருந்து வந்து ஒக்கார்றேன் மாமா" என்றாள் உன் தங்கை. "சாயந்திரம் இவ கூட நின்னா போதும்."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. வர்ற வருசம் பன்னெண்டாவது. வேணான்னா வேணாம்."

உண்மையைச் சொல்கிறேன், அம்மா. எனக்குள் சந்தோஷம் வந்தது. ஒரே ஒரு வார்த்தையில் அவளை மூடிவிடலாம். உன்னை எடுத்துக்கொண்டவளுக்கு நன்றாக வேண்டும் என்று தோன்றியது. அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவளுக்கு என்னவெல்லாம் கிடைக்க இருந்தது என்று பார்க்காமல் மூட மனம் வரவில்லை. கடிதத்தோடு இணைத்திருந்த வரைபடத்தை விரித்தேன்.

புதுப் பலகை, புது அலமாரி, ஐந்து விளக்கு. பொறாமையோடு எண்ணிக்கொண்டே வந்தேன். வாசல் மூலையில் ஒரு கட்டம், 'துணி வெட்டும் மேசை, உயரம் இரண்டரை அடி'.

சின்னம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, ரெண்டரை அடி? இதுல குனிஞ்சி வெட்டுனா இடுப்பு ஒடிஞ்சிரும். உங்கம்மா நின்னுகினுதான வெட்டுவா?"

"அளவ தப்பா போட்டுட்டான் போல" என்றார் அப்பா.

அளவைச் சொன்னது நீ. ரவிக்கைத் துணியில் ஒரு விரல்கடை தப்பாதவள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் வரைந்திருந்தது. நம் கடை மேற்குப் பார்த்தது. நான் பள்ளி விட்டு வரும் நேரத்தில் அந்த வாசல் மூலையில் மட்டும்தான் வெயில் இருக்கும். படிக்கிற மேசைக்கு நகராட்சி பணம் தராது. துணி வெட்டும் மேசைக்குத் தரும்.

உடனே என் மனம் இளகிவிட்டது என்று எழுத ஆசைதான். இளகவில்லை. எனக்கென்று ஒன்று செய்தபோதும் அதை அவள் வீட்டுக்குள்தானே போட்டாய் என்று வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த வெளிச்சத்தை விட்டுக்கொடுக்க முடியவில்லை. "கையெழுத்துப் போடுப்பா" என்றேன்.

இப்போது அவளைப் பார்க்க வேண்டும் நீ. ஆறு மணியானால் மலர்விழி என்ற எழுத்துகள் ஒளிர்கின்றன. பாத்திரக் கடைக்காரர் தினமும் வந்து, "அடுத்த தபா குடுத்தா எனக்கும் ஒண்ணு எழுதிக் குடும்மா" என்கிறார். என் மேசை வந்துவிட்டது. பாதியில் என் புத்தகங்கள், மீதிப் பாதியில் சின்னம்மா அடுக்கிய துணிச் சுருள்கள். மூத்தவள் விடுவாளா?

முந்தாநாள் தேவிகாபுரத்து அம்மாள் ஒருவர் புடவையோடும் வாங்கிப்போன ரவிக்கைத் துணியோடும் திரும்பி வந்தார். "இன்னாம்மா இது, கடையில மாம்பழக் கலரு, ஊட்டுக்குப் போனா எலுமிச்சங் கலரு!" சின்னம்மா புது விளக்கின் கீழ் நிறம் சேர்த்திருக்கிறாள். நான் புத்தகத்தைக் கவிழ்க்காமலே எழுந்தேன். புடவையைத் தோளில் போட்டு, நாலைந்து துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். உன் கல் இல்லை. ஒரு வண்டிக்கு ஒதுங்கி, கால்வாய் ஓரம் நின்று, பட்டின் ஓரத்தை மாலை வெயிலில் பிடித்தேன். முதல் துண்டு இல்லை. இரண்டாவதும் இல்லை. என் கண் தானாகச் சுருங்கியது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சின்னம்மா என்னை மூன்று முறை கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை. பின்னால் மேசைமேல் என் புத்தகத்தின் பக்கங்கள் காற்றில் படபடத்தது மட்டும் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அது பொறாமைப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.