அண்ணனைக் கேட்ட கடைக்காரர்

ஆவடி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திவிட்டேன்.

அம்பத்தூரில் கடைக்காரர் விளக்கு மின்னும் பெட்டியைக் காட்டி, "கெத்தா கீதும்மா, எடுத்துக்கோ" என்றார். சாதாரணப் பெட்டியே போதும் என்று, மிச்சத்தை நல்ல பவர் சப்ளையில் போட்டேன். ஒரே இடத்தில்தான் சறுக்கினேன். கிராஃபிக்ஸ் கார்டைத் தீபாவளி போனஸுக்குத் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் கார்டு இல்லாமல் படமே காட்டாத ப்ராசஸரை எடுத்துவந்துவிட்டேன். ஃபேன் எல்லாம் சுற்றியது, திரை மட்டும் கருப்பாகவே கிடந்தது.

மாற்றித் தரக் கேட்டதற்கு, "உங்க அண்ணனை இட்டுகினு வாம்மா, அவருக்குப் புரியும்" என்றார். நைட் ஷிப்டுக்கு ஆள் எடுத்தபோது இந்த ஊரில் எவனும் என் அண்ணனைக் கேட்கவில்லை. "தப்பா எடுத்தது நான். அதுக்கு எதுக்கு இல்லாத அண்ணன்?" என்றேன். சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். இப்போது நன்றாக ஓடுகிறது.

என் மேசை டிராயரில் மைக் வைத்த ஹெட்போன் இருக்கும், அனுப்பிவையுங்கள். அது வந்து சேர்ந்த பிறகு வரும் ஞாயிறு மதியம் தம்பி ஸ்ரீராமை அவன் கம்ப்யூட்டரில் உட்காரச் சொல்லுங்கள், இங்கிருந்தே அவனைத் தோற்கடிக்கிறேன். நீங்களும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மைக்கில் எனக்குக் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொண்டிருங்கள். எதைப் பற்றி என்றாலும் சரி.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

லாவண்யா