மாதாவின் முதுகில் ஒரு ராஜா

நீ சாகும்வரை கழுத்தில் போட்டிருந்த மாதா பதக்கத்தை உருக்கச் சொல்லி இன்று காலை உன் மனைவி என் நகைக்கடைக்குக் கொண்டுவந்தாள். மகள் கல்யாணத்துக்குக் கம்மல் வேண்டுமாம். பின்பக்கத் தகட்டை நெம்பினேன். உள்ளே ஓர் ஆண் தலை!

இலைமுடி சூடிய தலை. சுற்றிலும் எழுத்து. ரோமாபுரிப் பொற்காசுடா! பெங்களூரில் ஓர் ஏலத்தில் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி. ராஜாவின் கன்னத்தில் ஓர் உளிவெட்டு வேறு. மேலே மட்டும் பூச்சா, உள்ளேயும் தங்கமா என்று அந்தக் காலத்து வியாபாரி எவனோ வெட்டிப் பார்த்திருக்கிறான். ராஜா முகமாயிற்றே என்று அவன் கை கூசவில்லை. என் சாதிக்காரன்!

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்க வாசலில் நான் டீ விற்ற காலம் ஞாபகம் இருக்கிறதா? உங்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறும் முன் இதை எடுத்து முத்தமிடுவாய். "எடை போட்டுப் பாக்கலாமாடா?" என்பேன். "எங்க மாதாவ தராசுல வெச்சா உன் கை வெந்துபூடும்" என்பாய். நாற்காலியில் உட்கார்ந்த பெண், ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. அந்தக் கிளையை லீலி மலர் என்றே உங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக நம்பியிருக்கிறீர்கள்.

எடைக்கே வாங்கியிருக்கலாம். மனசுக்குள் ஒரு நொடி கணக்கும் ஓடியது. ஆனால் சொல்லிவிட்டேன்: "தங்கச்சி, இது மாதா இல்ல. ரோமாபுரிக் காசு. வெளிய வித்தா பல மடங்கு வரும்."

"இன்னாண்ணா சொல்றீங்க? அவரு எத்தினி வாட்டி கீழ எறங்கி முழுசா மேல வந்தாரு! யாரா இருந்தா இன்னா, காப்பாத்தினாங்க இல்ல? கண்டவங்க கைக்குப் போவக் கூடாது."

"உருக்கினா மட்டும்?"

கட்டைவிரலால் அந்தப் பெண்ணைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப கம்மலு?" என்றாள்.

பேசி முடித்தோம். காசின் எடைக்கு எடை என் தங்கத்தில் கம்மல். கூலி, சேதாரம் கிடையாது. காசு என் கழுத்தில் இருக்கும். நான் விற்கக் கூடாது, உருக்கக் கூடாது. அதே எடைத் தங்கத்தோடு உன் மகள் என்றைக்கு வந்து கேட்டாலும் கழற்றிக் கொடுக்க வேண்டும், வட்டி இல்லாமல். விபூதிக்காரன் கழுத்தில் இது எப்படித் தொங்க வேண்டும் என்பதற்கும் அவள் ஒரு நிபந்தனை போட்டாள், நான் ஒத்துக்கொண்டேன்: ராஜா உள்ளே, மாதா வெளியே.