ஆஸ்துமா என்று எழுதிய கை

7 ஜூலை 2025, திங்கள்

இந்தப் பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஓர் ஆசிரியர் என் மேசையை நோக்கி நடந்து வருவதைப் பார்த்து எழுந்து போய்விடலாமா என்று நினைத்தது இன்றுதான்.

உடற்கல்வி ஆசிரியர் ரிஷாத் சார். கையில் ஐந்தாம் படிவப் பட்டியல். "மங்களாக்கா, உங்க மக தினேஸ்வரி பேருக்கு நேரா அஞ்சு வருஷமும் விலக்குன்னு இருக்கு. ஒரு தடவகூட செகாக் செய்யல."

அந்தச் செகாக், பள்ளி உடற்தகுதிச் சோதனை. பலகையில் மூன்று நிமிடம் ஏறி இறங்கி, நாடி எண்ணி, தண்டால் எடுத்து, மதிப்பெண் வாங்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை எனக்கு வருகிற காய்ச்சல் அது.

"அவளுக்கு ஆஸ்துமா சார்."

"தெரியும்க்கா. ஆனா ஆசிரியர் பயிற்சிக்கு உடற்கல்வியத்தான் முதல் தேர்வா எழுதியிருக்கா. இப்படி விலக்கு விலக்குன்னு இருந்தா அங்க எப்படி எடுப்பாங்க? புது டாக்டர் லெட்டர் கொண்டாங்க. இல்லன்னா அடுத்த மாசம் செய்யட்டும்லா."

உடற்கல்வியா? என் மகளா? கணக்கியல் எழுதியிருக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். சரி சார் என்று சொல்லிவிட்டு முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன்.

8 ஜூலை, செவ்வாய்

சோறு போடும்போது கேட்டேன். ஆமாம் என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விடுவீங்களா?" பிறகு அவளே பேசினாள். "அஞ்சு வருஷமா மரத்தடில உக்காந்து மத்தவங்களுக்கு நாடி எண்றேன்மா. யாருக்கு எத்தன மார்க்குன்னு எல்லாம் தெரியும். என் மார்க் மட்டும் எனக்குத் தெரியாது."

எழுந்து போய்ப் புத்தகப்பையின் அடியிலிருந்து அந்த நீல இன்ஹேலரை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியில் பென்சில் தூள். "இத நான் ஒரு தடவகூட அமுக்கினதில்ல. எனக்கு உண்மையிலேயே ஆஸ்துமா இருக்கா?"

"சின்ன வயசுல உனக்கு ரொம்ப இழுப்பு. உனக்கு ஞாபகம் இருக்காது."

எவ்வளவு சுலபமாக வருகிறது. ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

10 ஜூலை, வியாழன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அவளுக்கு ஆஸ்துமா கிடையாது. ஒரு வார இருமலுக்குப் புந்தோங் கிளினிக்கில் வாங்கிய சீட்டு ஒன்று இருந்தது. முதலாம் படிவத்தில் அவளைச் சேர்த்தபோது சுகாதாரப் பாரத்தில் ஆஸ்துமா என்று நானே எழுதி, அந்தச் சீட்டைப் பின்னால் குத்தினேன். அந்த நீல இன்ஹேலரும் நானே மருந்துக்கடையில் வாங்கி அவள் பையில் போட்டது. அதன்பிறகு வருடா வருடம் 'விலக்கு' என்று முத்திரை வைத்ததும் நான்தான். கிராணி வைக்கிற முத்திரையை யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள்?

அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் விக்கி போனான். என் மூத்தவன். பதினாறு வயது. அவன் படித்தது வேறு பள்ளி. ஓட்டப் பயிற்சிக்குப் பழைய ரப்பர் தோட்டத்துச் சாலையில் விட்டிருந்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஓடிக்கொண்டிருந்தவன் விழுந்தான். எழவில்லை. காலையில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுப் போன பிள்ளை.

பெரிய மருத்துவமனையில் டாக்டர் சொன்னார்: இதயத் தசை தடித்திருக்கிறது, இது குடும்பத்தில் வரக்கூடியது, தங்கைக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடிதமும் கொடுத்தார். அதை விக்கியின் இறப்புப் பத்திரத்துக்கு அடியில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஏன் போகவில்லை? 'இவளுக்கும் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால்? கேட்காமல் இருந்தால் இல்லாமலே போய்விடும் என்று நினைத்தேனா? அவள் ஓடாமல் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். வீட்டில் படி ஏறினால்கூட மெதுவா மெதுவா என்று கத்துவேன். அவள் குளியலறையில் அதிக நேரம் இருந்தால் கதவைத் தட்டுவேன். ஐந்து வருடமாக அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். அது அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

11 ஜூலை, வெள்ளி

மாணவர் கோப்பு அலமாரியை மூன்று முறை திறந்து மூடினேன்.

14 ஜூலை, திங்கள்

எடுத்துவிட்டேன்.

எல்லாரும் காலைச் சபைகூடலில் நின்றபோது சுகாதாரப் பாரத்தையும் சீட்டையும் உருவி என் கைப்பைக்குள் போட்டேன். இனி கோப்பில் ஆஸ்துமா இல்லை. யாராவது கேட்டால் பழைய தாள், தொலைந்திருக்கும் என்று சொல்லலாம். அவள் அடுத்த மாதம் மற்ற பிள்ளைகளோடு பலகையில் ஏறலாம். நான் பொய் சொன்னதும் யாருக்கும் தெரியாது.

பத்து மணிக்குக் கேண்டினில் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே திடலில் இரண்டாம் படிவப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஐயோ, நான் என்ன செய்கிறேன்? தாளைக் கிழித்தால் பிடிபடமாட்டேன், அவ்வளவுதானே. அவள் நெஞ்சுக்குள்ளே என்ன இருக்குதுன்னு இன்னும் எனக்குத் தெரியாதே! பரிசோதிக்காமலே அவளைப் பலகையில் ஏற்றி, மூன்று நிமிடம் ஏறி இறங்கவைத்து — என்னைக் காப்பாற்றிக்கொள்ள என் பிள்ளையை.

மீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்த் தாளைத் திருப்பி வைத்தேன். பழைய ஓட்டைகளிலேயே ஸ்டேப்ளர் ஊசி இறங்கவில்லை. நான்காவது தடவையில்தான் பிடித்தது.

19 ஜூலை, சனி

என் வீட்டுக்காரர் கமுந்திங்கிலிருந்து வந்தார். அங்கே தொழிற்சாலையில் வேலை, வாரக் கடைசியில்தான் வீடு. தினேஸ்வரி டியூஷனுக்குப் போனதும் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கத்துவார், அடித்தாலும் அடிப்பார் என்று தயாராக நின்றேன்.

அவர் பிரிக்கவே இல்லை. "எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"கருமாதிக்கு மறுநாளே பாத்தேன். நீ எடுத்துட்டுப் போவேன்னு இருந்தேன். நீ போகல. நானும் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா போவணும்ல, மங்களம்."

அப்புறம் வெளியே போய் மோட்டார் சைக்கிளைக் கழுவினார். நேற்றுதான் கழுவியிருந்தாராம், சக்கரம் பளபளவென்று இருந்தது. எனக்குக் கோபமாக வந்தது. ஒருவர் பயத்துக்கு ஒருவர் காவல் இருந்திருக்கிறோம், இந்த வீட்டில்.

20 ஜூலை, ஞாயிறு

இரண்டு பேருமாக உட்கார்ந்து அவளிடம் சொன்னோம். ஆஸ்துமா பொய் என்பதை நான் சொன்னேன். டாக்டர் கடிதத்தைப் பற்றி அவர் சொன்னார், பாதியில் நிறுத்திவிட்டார், மீதியையும் நானே சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். தன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணனுக்கு இருந்தது எனக்கும் இருக்கா?"

"தெரியாது."

"தெரியாதா? அஞ்சு வருஷமா தெரியாதா?" "எனக்கு இருந்திருந்தா? பஸ்ஸுக்கு ஓடியிருக்கேன்மா. எத்தனையோ தடவ ஓடியிருக்கேன். நீங்க திடல மட்டும்தான் பாத்தீங்க."

பஸ். ஐந்து வருடத்தில் நான் ஒருநாளும் பஸ்ஸைப் பற்றி நினைக்கவில்லை.

23 ஜூலை, புதன்

அரசாங்க கிளினிக். தாதி கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தேதியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அண்ணன் கதையைக் கேட்டதும் டாக்டரே மருத்துவமனைக்குப் போன் செய்தார். ஆகஸ்ட் ஏழு. அதுவரை ஓடக்கூடாது, படி ஏறினாலும் நிதானம் என்றார். தினேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வேண்டவே வேண்டாம்.

28 ஜூலை, திங்கள்

தினேஸ்வரி என்னோடு பேசுவதில்லை. 'பால் முடிந்தது' என்று ஐஸ்பெட்டியில் சீட்டு ஒட்டியிருக்கிறாள்.

6 ஆகஸ்ட், புதன்

நாளைக்கு. கோயிலுக்குப் போனேன், என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இல்லை என்று வர வேண்டும். இல்லை என்று வந்தால் ஐந்து வருடம் அவளை வீணாக உட்கார வைத்தவள் நான். இருக்கிறது என்று வந்தால்— அதை எழுதமாட்டேன். என் பொய்தான் அவளைக் காப்பாற்றியது என்று ஆகட்டும் என்று ஒரு நொடி மனசு போனது. ஒரே ஒரு நொடி. சாமி முன்னால் நின்றுகொண்டு. கற்பூரம் தொட்டுக் கும்பிடக்கூடக் கூசியது.

7 ஆகஸ்ட், வியாழன்

ஈப்போ பெரிய மருத்துவமனை. அவர் லீவு போட்டு வந்தார். உள்ளே ஒருவர்தான் வரலாம் என்றார்கள். யார் என்று அவளைக் கேட்டார்கள். என்னைக் கை காட்டினாள்.

நெஞ்சில் ஏதோ பசை தடவி, கருவியை வைத்து அழுத்தி, திரையில் காட்டினார்கள். கறுப்பு வெள்ளையாகத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. பதினேழு வருடமாக நான் கவலைப்பட்டுக் கவலைப்பட்டு ஒருமுறைகூடப் பார்க்காதது அது. டாக்டர், சின்ன வயசுப் பெண், அளவெடுத்தார், மறுபடி அளவெடுத்தார். ஏன் மறுபடி? நான் சுவரில் இருந்த கை கழுவும் படத்தை முழுதாக ஏழு முறை வாசித்தேன்.

இப்போது ஒன்றும் இல்லை என்றார். தடிப்பு இல்லை. ஈசிஜியும் சரி. ஓடலாம். ஆனால் அண்ணனுக்கு இருந்ததால் அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பிற்காலத்தில் வந்தாலும் வரலாம்.

"அப்ப எப்பவுமே வராதுன்னு சொல்ல முடியாதா டாக்டர்?"

"அப்படி யாருக்குமே எழுதிக் கொடுக்க முடியாதும்மா."

வெளியே வந்ததும் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷமா என்று கேட்டால் இல்லை. இருபது நிமிஷப் பரிசோதனை. அவ்வளவுதான். அதுக்கா என் புள்ளைய அஞ்சு வருஷம் மரத்தடில போட்டு வெச்சேன்? தினேஸ்வரி என் முந்தானையை இழுத்து என் முகத்தையே துடைத்தாள்.

8 ஆகஸ்ட், வெள்ளி

முதல்வர் அறைக்குப் போனேன். மருத்துவமனைக் கடிதத்தை வைத்தேன். அதோடு பழைய பாரத்தையும் வைத்து, ஆஸ்துமா என்று எழுதியது நான், முத்திரைகளும் நான் வைத்தவை, டாக்டர் யாரும் சொல்லவில்லை, மகனை இழந்த பயத்தில் செய்தேன் என்று மலாய் மொழியில் சொன்னேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்கள். பாதி மறந்துவிட்டது.

அவர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இதை எழுத்தில் விளக்கமாகக் கொடுங்கள், மேலிடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும், என்ன முடிவு வரும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். அப்புறம், உங்கள் மகன் பெயர் என்ன என்று கேட்டார். இந்த அலுவலகத்தில் அவன் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

வேலை போகுமோ? போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வேறு பயம், இதோடு சாப்பிட முடிகிறது.

20 ஆகஸ்ட், புதன்

செகாக். ரிஷாத் சார் அலுவலகத்துக்கே வந்து, "வந்து பாருங்கக்கா, நான் பக்கத்துலயே நிக்கிறேன். ஆம்புலன்ஸ் நம்பர்கூடப் போன்ல தயாரா இருக்கு" என்றார். நல்ல மனிதர். ஆம்புலன்ஸ் என்ற சொல்லை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மண்டபத்தில் பலகைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் டக், டக் என்று தாளம். அதற்கேற்ப ஏற வேண்டும், இறங்க வேண்டும். அவள் மூன்றாவது வரிசை. முதல் நிமிடம் அவள் காலைப் பார்த்தேன். இரண்டாவது நிமிடம் உதட்டைப் பார்த்தேன், நீலம் ஏறுகிறதா என்று. மூன்றாவது நிமிடம் என்னால் பார்க்க முடியவில்லை. கதவுப் பக்கம் திரும்பி நின்று தாளத்தை மட்டும் கேட்டேன். நின்றுவிட்டது. யாராவது கத்துகிறார்களா? இல்லை. பிள்ளைகள் உட்கார்ந்து நாடி எண்ணுகிற அமைதி.

அப்புறம் தோளில் ஈரமான கை. முகமெல்லாம் வியர்வை. நெற்றியில் முடி ஒட்டியிருந்தது, விக்கிக்கு ஒட்டுவதுபோல.

"நாடி நூத்திப் பன்னண்டு" என்றாள். "நல்ல மார்க்குமா."

சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். ஒரு நிமிடம் முழுவதும் பிடித்திருந்தாள். நானும் கையை எடுக்கவில்லை.

"நூத்தி இருபத்தேழு. நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு! நீங்க ஃபெயில்லா."

ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான்.

2 செப்டம்பர், செவ்வாய்

மேலிடத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. தபால் வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

மலேசிய தினத்தை ஒட்டி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறார்கள். போகும் வழி விக்கி ஓடிய அந்தப் பழைய ரப்பர் தோட்டத்துச் சாலை. பெற்றோர் அனுமதிப் பாரத்தை நேற்று மாலை அவள் மேசையில் வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டாள். அவள் எல்லாத் துணியையும் மடித்து முடிக்கும்வரை பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

இன்று பத்து மணிக்கு ரிஷாத் சார் அந்தப் பாரத்தோடு என் மேசைக்கு வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. கையெழுத்து ஒரு மாதிரி கோணலா இருக்கு. புள்ளயே போட்டுக்கிட்டாளோன்னு... இது உங்களுதுதானா?"

"என்னுதுதான் சார்" என்றேன்.