கவாத்துன்னு பேர மட்டும் விட்டுட்டுப் போன மாமாவுக்கு

என் வம்புக்கார மாமாவுக்கு,

அங்கன உங்களை வம்பிழுக்க ஆள் இருக்கா? இங்கன எனக்கு ஆள் இல்ல. அதான் எழுதுறேன்.

காலையில இருந்து நான் உக்காரவே இல்ல. பந்தலுக்கும் வீட்டுக்கும் நடையா நடக்குறேன். இன்னைக்கு நம்ம திராட்சைக் கொடியை வெட்டிவிடுற கவாத்து. வெட்டுறவுக கத்திரியோட வந்து, "எத்தனை கண்ணு விட்டு வெட்டணும்க்கா?"ன்னு கேட்டாக. துளிர் வர்ற கண்ணைக் கொம்புக்கு எத்தனை விடணும்னு தெரியாம நான் முழிச்சேன். கண்ணை மூடுறதுக்கு முந்தி ஆஸ்பத்திரியில, "கவாத்தை மட்டும் விட்டுராத புள்ள"ன்னு சொன்னீக. எப்படின்னு சொன்னீகளா?

உங்க தம்பி, "அண்ணன் நாலு கண்ணு விட்டுத்தான் வெட்டும். அப்படியே வெட்டுங்கப்பா"ன்னாரு. ஆனா மாமா, இந்த வருசம் கொடி நோஞ்சானாக் கெடக்கு. நாலு விட்டா காய் தொங்கும். கொடி தாங்குமா? செத்துப்போச்சுன்னா நீங்க நட்ட பந்தல் அம்புட்டுதான்.

தேனியில கம்ப்யூட்டர் படிக்கிற நம்ம மக, பரீட்சைக்கு வீட்டுத் திண்ணையில முணுமுணுத்துக்கிட்டு இருந்தா. என்னடின்னேன்.

"அப்ஸ்ட்ராக்ட் கிளாஸும்மா, புரோகிராம்ல வர்ற ஒரு அரைகுறை அச்சு. நம்ம தோட்டத்தையே வச்சுக்க. தண்ணி பாய்ச்சுறது எப்படின்னு அதுல எழுதியிருக்கும். அதுல இருந்து பொறக்குற பிள்ளை கிளாஸ் அதை அப்படியே எடுத்துக்கிடலாம். கவாத்துக்குப் பேரு மட்டுந்தான் இருக்கும். எப்படிங்கிறதப் பிள்ளைதான் எழுதணும். எழுதலைன்னா அதுவும் அரைகுறையாவே நிக்கும். அரைகுறை கிளாஸை வச்சு நேரா ஒரு ஆளை உண்டாக்க முடியாது."

"அப்ப நான் கட்டிக்கிட்டது யாரைடி?"

அவ புத்தகத்தால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். பாதியில சிரிப்பு நின்னுருச்சு மாமா. நீங்களும் கவாத்துக்குப் பேரை மட்டுந்தானே விட்டுட்டுப் போனீக.

நேரா பந்தலுக்குப் போயி, "ரெண்டு கண்ணு போதும், வெட்டுங்க"ன்னேன்.

"ஏத்தா, அண்ணன் இருந்தா இப்படியா வெட்டும்?"னு உங்க தம்பி கத்துனாரு.

"அவுக இருந்தா அவுக வெட்டட்டும் சின்ன மாமா. இப்ப நிக்கிறது நானுல்ல."

காப்பிகூடக் குடிக்காமக் கெளம்பிட்டாரு. மூக்கு வெடைக்கிறதுல உங்க வீட்டாளுகளுக்கு ஒரு கொறையும் இல்ல.

வெட்டின நுனியில எல்லாம் தண்ணி சொட்டுது. வழக்கமாச் சொட்டுறதுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் போயிப் போயிப் பாக்குறேன். இந்த வருசம் காய் கொறையும். கண்ணு முழிக்குமா மாமா? நான் செஞ்சது சரியா?

தண்ணி உங்க வழக்கப்படி விடியக்காலம் பாய்ச்சுவேன். அதை மாத்த மாட்டேன். கவாத்து இனி நான் எழுதுறதுதான். தளிர்த்தாலும் தளிர்க்காட்டியும் கத்திரியைக் கீழ வைக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்க அக்கா மக,
உங்க பொண்டாட்டி,
பேச்சியம்மா