நாலாவது கட்டைக்கு எதிரே

லான்செஸ்டன் மருத்துவமனை
15 நவம்பர் 1967

அன்புள்ள தெல்மா,

தொடையெலும்பு கூடி வருகிறதாம். தொழுவத்துக் கூரையிலிருந்து விழுந்தவனுக்கு இதுவே நல்ல செய்தி. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் அசையக் கூடாது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்காட்ஸ்டேல் விவசாயக் கண்காட்சி நான் இல்லாமல் நடக்கப்போகிறது.

எனக்குப் பதிலாகப் படமெடுக்கப் பத்திரிகை கிளைவை அனுப்புகிறது. கால்பந்துப் படம் மட்டுமே எடுத்துப் பழகியவன். செம்மறிக்கு எந்தப் பக்கம் முகம் என்று கேட்டுப் பார். மரம்வெட்டும் போட்டியில் எங்கே நிற்பது என்று மட்டும் அவனுக்குச் சொல்லாதே. வெட்ட நிறுத்திய கட்டை வரிசையில் நாலாவது கட்டைக்கு நேர் எதிரே, கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றுக்கு உள்பக்கம்: அது என் இடம்.

உன் பழக் கேக்குக்கு இந்த முறையாவது முதல் பரிசு வரட்டும்.

உன்
அல்பி

ஸ்காட்ஸ்டேல்
20 நவம்பர்

அன்புள்ள அல்பி,

இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு மறுபடி ஐரீனுக்கு. என் கேக்கின் மேல்பக்கம் வெடித்திருந்ததாம். "கேக்கு மட்டுமாடி வெடிச்சுது? எம் புருஷன் தொடையும்தானே?" என்று அவளிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

கோபிக்காதே, கிளைவுக்கு உன் இடத்தைச் சொல்லிவிட்டேன். திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றான். ஆனால் போட்டியின் கணக்கை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நடுவர் எண்ண எண்ண, சுமாரான ஆள் மூன்றிலேயே வெட்டத் தொடங்குவான், பந்தயம் சமமாக இருக்கச் சாம்பியன் இருபத்தெட்டு வரை கோடாரியோடு சும்மா நிற்க வேண்டும் என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அவனுக்கு? முந்தித் தொடங்கியவன்தான் வீரன் என்று நினைத்து, அவனையே எடுத்து எடுத்துப் பிலிமைத் தீர்த்துவிட்டான். சாம்பியன் டக் பர்செல் கோடாரியை ஓங்கும்போது இவன் கட்டைகளுக்கு முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டு புதுச் சுருள் மாட்டிக்கொண்டிருந்தான்.

"டேய் கால்பந்து! பந்து உனக்குப் பின்னாடி இருக்குடா!" என்று கூட்டமே கத்தியது. பதறி நிமிர்ந்தவன், எதிரே இருந்த எங்களையே ஒரு படம் எடுத்தான். அதற்குள் டக்கின் கட்டை இரண்டாகிவிட்டது.

மாலையில் மழை. கிளைவ்தான் தன் காரில் வீடுவரை கொண்டுவந்து விட்டான். நல்லவன். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

உன்
தெல்மா

லான்செஸ்டன்
23 நவம்பர்

தெல்மா,

பத்திரிகையில் கிளைவின் படத்தைப் பார்த்தேன். முதல் பக்கம். பதினெட்டு ஆண்டுகளில் எனக்கு ஐந்தாம் பக்கத்துக்கு முன்னால் இடம் கிடைத்ததில்லை. போட்டியையே தவறவிட்டவனுக்கு முதல் பக்கம்!

நர்ஸிடம் பூதக்கண்ணாடி வாங்கி எண்ணினேன். கூட்டத்தில் நூற்றுப் பன்னிரண்டு முகங்கள். நூற்றுப் பதினொன்று வாயைப் பிளந்துகொண்டு டக்கின் கோடாரியைப் பார்க்கின்றன. ஒன்று மட்டும் கேமராவைப் பார்க்கிறது. அது உன் முகம். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணிமைக்காமல். அப்படி நீ ஒருவரைப் பார்த்து நான் கண்டதில்லை.

மழை, கார், தேநீர் எல்லாம் எழுதியிருக்கிறாய். எழுதாமல் விட்டது என்ன? அவனுக்கு முப்பத்தொரு வயது, கல்யாணமாகவில்லை, இரண்டு காலும் நன்றாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பதில் இருந்தால் எழுது.

அல்பி

ஸ்காட்ஸ்டேல்
27 நவம்பர்

அல்பி,

உன் கடிதத்தை இரண்டு முறை அடுப்பில் போடப் போனேன்.

உன் இடது புருவத்தைத் தடவிப் பார். 1951. பறந்து வந்த சிராய் கிழித்து ஏழு தையல். முகமெல்லாம் ரத்தம், நீயோ இன்னொரு படம் எடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாய். அந்த வருடத்திலிருந்து, நடுவர் எண்ணத் தொடங்கினால் நான் கோடாரியைப் பார்ப்பதில்லை. கடைசிக் கட்டை விழும்வரை நாலாவது கட்டைக்கு எதிரேதான் பார்த்துக்கொண்டிருப்பேன், நீ இன்னும் நிற்கிறாயா என்று. யார் ஜெயித்தது என்பதை ஐரீன் சொல்லித்தான் தெரிந்துகொள்வேன்.

இந்த வருடம் நீ அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். என் கழுத்துக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு ஆடு குந்தியிருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

நேற்று உன் நெகட்டிவ் பெட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எத்தனை கோடாரி! ஒன்றில்கூட நான் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் உனக்குப் பின்னாலேயே நின்றேன், அல்பி. நீ திரும்பவில்லை. அவன் தப்பாகத் திரும்பினான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. நீ வேண்டாமென்றதால் அல்ல.

தெல்மா

லான்செஸ்டன்
1 டிசம்பர்

அன்புள்ள தெல்மா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. புருவத்தைத் தடவிக்கொண்டு கிடந்தேன்.

கிளைவ் மேல் எரிச்சல் தீரவில்லை. முன்பு நீ அவனைப் பார்த்துவிட்டாயே என்று. இப்போது அந்தப் படத்தை அவன் எடுத்துவிட்டானே என்று. இந்த இரண்டாவதுதான் அதிகம் எரிகிறது.

படத்தை வெட்டி, கட்டிலில் என் கால் எடை தொங்கும் கம்பியில் செருகி வைத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில் கோர்லி, உருளைக்கிழங்கு விவசாயி, எதற்கும் வாய் திறக்காத மனிதர். இன்று காலை அதை வெகுநேரம் பார்த்தார்.

"யாருப்பா இந்தப் பொம்பள? ஊரே மரத்தப் பாக்குது, இவ மட்டும் படம் புடிக்கிறவனையே பாக்குறா?"

"என் பொண்டாட்டி."

"அட! அப்ப படம் புடிச்சது நீதானா!"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன், தெல்மா.

உன்
அல்பி