தார் டப்பாவுக்குள் இருந்த மாத்திரைகள்

என் பொல்லாத அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் உன் மேல் பொறாமை தீரவில்லை. கூடத்தில் உன் படத்துக்கு அம்மா தினமும் பூ வைக்கிறாள். வருகிறவர்களெல்லாம், "மொகம் எப்பிடி நெறஞ்சிகினு இருக்குது பாரு" என்கிறார்கள். அது ஸ்டீராய்டு மாத்திரை ஊத வைத்த முகம் என்று கத்த வேண்டும் போலிருக்கிறது.

தறியிலிருந்து இறங்கும் பட்டுச் சேலையை ஆரணி பஜார் வியாபாரிக்குக் காட்டும்போது, அப்பா உன் தோளில்தான் போடுவார். என் தோள் என்ன கோணலா? உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து அழுத அன்றுகூட, இனி என் முறை வரும் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

என் முறை வரவில்லை. மாத்திரையால் உனக்கு அகோரப் பசி. அம்மா வேளைக்கு வேளை வடை சுட்டுப் போட்டாள். கன்னம் உப்பியது. வியாபாரி உன்னைப் பார்த்து, "பாப்பா நல்லா தேறிகினு வருது, அது மேலயே போடுங்க" என்றார். அவர் போனதும் உன் காதருகே வந்து சொன்னேன்: "மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஊதிகினு கீது. சேலைய எவன் பாப்பான்?"

நீ சிரித்தாய். ஏன் சிரித்தாய்?

உன் காரியம் முடிந்த மறுநாள், ஊடை நூல் சுற்றிய தார்களைப் போட்டு வைக்கும் டப்பாவைத் திறந்தேன். அடியில் நீ முழுங்காமல் ஒளித்த மாத்திரைகள், பன்னிரண்டு நாளுக்கானவை.

இதனால்தான் உனக்கு நோய் திரும்பியதா என்று டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "நம்ம ஒடம்புல சுரக்கிற ஹார்மோன் மாதிரிதாம்மா அந்த மருந்து. புற்றுநோய்ச் செல்லுங்க நெறைய அதுல செத்துடும். சிலது எலும்பு மஜ்ஜைல போய் ஒளிஞ்சிக்கினு அப்புறம் பரவும். மருந்தே சிலத அங்க ஒளிய வைக்குதோன்னுகூட யோசிக்கிறாங்க. திடீர்னு நிறுத்துனது தப்பு. அதனாலதான் நோய் திரும்புச்சின்னு சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. "எண்ணெயில கண்டதையும் சுட்டுப் போட்டு நான்தான் கெடுத்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அப்பா புதுச் சேலையை என் தோளில் போட்டார். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். அம்மா பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். அங்கேயும் நீதான் ஜெயித்தாய்.

நாளைக் காலை அந்த டப்பாவை அம்மாவின் மடியில் வைத்து, உன்னை மாத்திரையை ஒளிக்க வைத்த என் பூசணிக்காய் வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சத்தியம். அதன் பிறகு அவள் வடைச் சட்டியைப் பார்த்து அழ மாட்டாள். என் முகத்தில் விழிக்கவும் மாட்டாள். உன்னை மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கொண்டாடுவாள். அதற்கும் எனக்குப் பொறாமை வரும். வரட்டும்.

உன் தோளையே பார்த்து வளர்ந்த
தங்கச்சி