சந்தனப் பொட்டும் கோழிக்கூட்டுக் கதவும்

என் அன்புள்ள பேச்சிக்கு,

எழுத்து ஏறியும் இறங்கியும் போகிறது, பொறுத்துக்கொள். மண்வெட்டி பிடித்த கை இது. பென்சிலை அழுத்தினால் முனை ஒடிகிறது, அழுத்தாவிட்டால் எழுத்தே விழுவதில்லை. கோழி கிளறியது போல இருக்கிறதே என்று நீ சிரித்தால் சிரித்துக்கொள். கோழியைப் பற்றிய கடிதம்தானே.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். பரவைப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்புக்கு ஆறு மாதமாகப் போகிறேன். போன மாதம் ஒரு பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாடிப்பட்டி என்று இருந்தது. எனக்கு வாடிப்பட்டியில் ஒரு வேலையும் இல்லை. படிக்க முடிந்ததே என்ற சந்தோஷத்தில் ஏறிவிட்டேன். போய் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸையும் நானே படித்து ஏறி வந்தேன்.

ஆனால் இன்று சந்தோஷத்தைச் சொல்ல உட்காரவில்லை. எனக்குக் கோபம். உன் மகன் பாண்டி மேல் கோபம். அவன் நம் கோழிக்கூட்டில் மாட்டிவிட்டுப் போன கதவு மேல் அதைவிடக் கோபம். நடந்ததைக் கேட்டுவிட்டு நியாயம் நீயே சொல்.

டவுனில் இருக்கும் தன் கே.கே. நகர் வீட்டுக்கு வந்து இருங்கள் என்று அவன் கூப்பிடும்போதெல்லாம், நீ இருந்தவரை நான் என்ன சொல்வேன்? "ஒங்க அம்மா வரமாட்டாடா." நீ போன பிறகு இந்த மூன்று வருடமாக என்ன சொல்கிறேன்? "நான் வந்துட்டா கோழிய யாரு அடைப்பா?" அதற்குப் பதில் சொல்ல இந்த ஆவணி மாதம் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான்.

"இனிமே நீங்க கூட்டுப் பக்கமே போக வேணாம்ப்பா. விடிஞ்சா தானாத் தொறக்கும், பொழுது சாஞ்சாத் தானா மூடிக்கிரும்."

"யாரு சொல்லி மூடும்?"

"யாரும் சொல்ல வேணாம். இந்தா, இதுதான் அதுக்குக் கண்ணு. வெளிச்சத்த இதே பாத்துக்கிரும்."

புளியங்கொட்டை அளவில் ஒரு கண்ணாடி. அதற்குக் கீழே ஒரு தகடு, மேலே ஏறும், கீழே இறங்கும். அவ்வளவுதான் கதவு. அந்தப் புளியங்கொட்டையை வைத்து எனக்கு இருந்த ஒரே பதிலைப் பிடுங்கிக்கொண்டான், பேச்சி. "இப்ப என்ன சொல்லப் போறீங்க? தீபாவளிக்கு முன்னாடி கெளம்பிருங்க" என்று சிரிக்கிறான்.

பொய் சொல்லக்கூடாது, ஒரு மாதம் கதவு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனாலும் நான் தினமும் பொழுது சாயும்போது போய் நின்றேன். நீ போன முதல் வாரம் ஒரு கோழிகூட என் குரலுக்கு வரவில்லை, தெரியுமா? நீ கூப்பிடுவதைப் போலவே, கடைசிப் "பா"வை மூக்கால் இழுத்து, "பா... பா... பாஅ" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம்தான் வந்தன. கதவுக்கு அந்தச் சத்தம் தேவையில்லை. எனக்குத் தேவையாக இருந்தது.

பெட்டிக்குள் தமிழில் ஒரு தாள் இருந்தது. பாண்டி அதைப் படிக்கவில்லை. "செல்போன்ல வீடியோ பாத்துட்டேன்ப்பா" என்று கசக்கப் போனான். நான் வாங்கி நீவி வைத்துக்கொண்டேன். மொத்தம் பதினாறு வரி. ஒரு வரியைப் படித்து, அதை நோட்டில் பத்துத் தடவை எழுதிய பிறகுதான் அடுத்த வரி என்று வைத்துக்கொண்டேன். ஒன்பதாவது வரியில் நிற்கும்போது சரஸ்வதி பூஜை வந்துவிட்டது.

நீ இருந்தபோது சாமி முன்னால் அரிவாளையும் மண்வெட்டியையும் அரிவாள்மனையையும் வைப்பாய். நம் வீட்டில் வைக்க வேறு என்ன இருந்தது? இந்த வருடம் என் நோட்டை வைத்தேன். பென்சிலை வைத்தேன். அந்தத் தாளையும் மடித்து வைத்தேன். வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும், அன்று ஓர் எழுத்தும் படிக்கக்கூடாது. எழுத்து தெரியாமல் அறுபத்தைந்து வருடம் இருந்தவனுக்கு அந்த ஒரு நாள் தள்ளுவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்கிறாய்!

பூஜைக்குப் பாண்டியும் மருமகள் செல்வியும் வந்திருந்தார்கள். அவன் காருக்கு, மோட்டாருக்கு, மிக்சிக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தான். சாப்பிட்டதும், "இன்னைக்கு எங்களோட வந்து ஒரு நாள் இருந்து பாருங்க. கோழியக் கதவு பாத்துக்கிரும்" என்றான். முந்தின நாளே முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறான். நானும் கிளம்பினேன். வண்டியில் ஏறும்போது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"அடடா, கோழிக் கதவ விட்டுட்டமே!"

கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்துக்கொண்டு ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். நன்றாகப் பெரிதாக, நடு நெற்றியில் அப்பினான். பார்க்க லட்சணமாக இருந்தது. புறப்பட்டுவிட்டோம்.

அங்கே மூன்றாவது மாடி. ஆறு மணிக்கு வானம் சிவந்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. பால்கனிக்குப் போனேன். என்னை அறியாமல் வாய், "பா... பா... பாஅ" என்றது. செல்வி ஓடி வந்தாள்.

"மாமா, மெதுவா! கீழ் வீட்டுக்காரவுக என்னமோ ஏதோன்னு நெனைக்கப் போறாக."

பாண்டி எழுந்திருக்கவே இல்லை. "டிவி பாருங்கப்பா. எல்லாம் அது மூடிருக்கும்."

மூடித்தான் இருந்தது. காலையில் நான் பிடிவாதம் பிடித்து அவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து பார்த்தால், கதவு நன்றாக மூடியிருந்தது. கோழிகள்தான் வெளியே! மழையில் நனைந்து முருங்கை மரத்தில் உட்கார்ந்திருந்தன. உள்ளே உன் புள்ளிக்கோழியும் மூன்று குஞ்சுகளும். நீ அடை வைத்த கோழிக்குப் பேத்தி அது. தன் மற்ற நான்கு குஞ்சுகளைத் தேடித் தகட்டில் மோதி மோதிக் கொண்டையெல்லாம் ரத்தம். நான்கில் இரண்டு விறகுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டைக் காணோம். கீரியோ பூனையோ, யார் கண்டது?

கூட்டின் மேல்மூடியைத் தூக்கி அவற்றை வெளியே விட்டேன். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, அந்தக் கதவு அசையவில்லை. நான் திரும்பினால் உன் மகன் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

"அப்பா, கெளம்பும்போது எதையாச்சும் அமுக்கி வச்சீங்களா?"

"நான் ஏன்டா அமுக்கப் போறேன்?"

"இங்கயே இருக்கணும்னு வேணும்னே பண்ணிருப்பீங்க. வர இஷ்டம் இல்லைன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? பாவம், கோழி என்ன செஞ்சது?"

கேட்டாயா? உன் குஞ்சுகளை நானே சாகக் கொடுத்தேனாம்! விறுவிறுவென்று வீட்டுக்குள் போனேன். விஜயதசமிக் காலை. சாமியைக் கும்பிட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"குடுங்க, நான் வாசிக்கிறேன்" என்று கையை நீட்டினான்.

"கைய எடு. ஒரு மாசமா வாசிச்சயா?"

பத்தாவது வரியிலிருந்து விரலை வைத்துக் கூட்டினேன். இரண்டு பேரும் நின்றார்கள். பதின்மூன்றாவது வரி இதோ, நோட்டைப் பார்க்காமலே எழுதுகிறேன்: 'முன்பக்கக் கண்ணாடியில் தூசி, சுண்ணாம்பு, பசை எதுவும் படியக்கூடாது. படிந்தால் இருட்டிவிட்டது என்று கதவு மூடிக்கொள்ளும்.'

மூன்று பேரும் கதவைப் பார்த்தோம். புளியங்கொட்டை இருந்த இடத்தில், கூட்டின் கூரைக்கு அடியில் மழை படாமல் காய்ந்த சந்தனம், அதில் பாண்டியின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

செல்விதான் முதலில் சிரித்தாள். "கண்ணுல சந்தனத்த அப்பிப்புட்டு, மாமாவப் போயி வையிறாரு பாருங்க!"

"பெருசா வைன்னு அப்பாதான் பக்கத்துல நின்னு சொன்னாரு" என்றான் அவன்.

சொன்னேன்தான். அதை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன், உனக்கு மட்டும் தெரியட்டும். "பொட்டு வைக்கச் சொன்னேன்டா, கண்ண அடைக்கவா சொன்னேன்?" என்று கத்தினேன். கோபம் அடங்கவில்லை. கடைசி வரியையும் படித்தேன். 'கதவு இருந்தாலும் தினமும் மாலையில் ஒருவர் கோழிகளை எண்ணிப் பார்க்கவும்.'

பேச்சி, அந்த வரி எனக்குச் சாமி கொடுத்தது போல இருந்தது. ஆள் வேண்டும் என்று கதவோடு வந்த தாளே சொல்லிவிட்டது. இன்னும் பத்து வருடத்துக்கு இதை வைத்தே ஓட்டலாம். சொல்ல வாயைத் திறந்தேன். அவன் கேட்டது காதிலேயே நின்றது. வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?

"பாண்டி, கோழிக்காக இல்லடா. கோழி ஒண்ணுகூட இல்லைன்னாலும் நான் வரமாட்டேன். எனக்கு இங்கதான் இருக்கணும். அம்புட்டுத்தான்."

அவன் கதவை ஆராய்கிறவன் போலக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, "இத அப்பவே சொல்லிருந்தா இந்தக் கதவயே வாங்கிருக்க மாட்டேனேப்பா" என்றான். துண்டை நனைத்து அந்தக் கண்ணைத் துடைத்தான். சிறிது நேரத்தில் கிர்ரென்று தகடு மேலே ஏறியது, உள்ளே ஒரு கோழியும் இல்லாமல்.

கிளம்பும்போது செல்வி என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அத்தை ஒரு தடவ எங்கிட்டச் சொன்னாக மாமா, 'ஒங்க மாமா விட்டா வந்து பத்து நாள் இருந்துட்டுப் போவேன்டி'ன்னு."

அதிலிருந்து என் கோபம் யார் மேல் போவது என்று தெரியாமல் நிற்கிறது. வர ஆசையிருந்ததா உனக்கு? நீ வரமாட்டாய் என்று நான் சொன்னபோதெல்லாம் பக்கத்தில்தானே நின்றாய், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? இல்லை, சொல்லியும் நான்தான் கேட்கவில்லையா?

கதவு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அது மூடுகிறது, நான் எண்ணுகிறேன். புள்ளியின் கொண்டை ஆறிவருகிறது. ஐந்து குஞ்சுகளும் தேறிவிட்டன. ஒரு சத்தியம் செய்து தருகிறேன்: எனக்குப் பிடிக்காததை இனி எனக்குப் பிடிக்கவில்லை என்றே சொல்வேன். உன் பேரைச் சொல்லித் தட்டமாட்டேன், கோழி பேரையும் சொல்லமாட்டேன். கோழிகளை எண்ணப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, தை மாதம் கே.கே. நகருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருவேன். அந்தப் பத்து நாள் உன்னுடையது.

பென்சில் மொட்டையாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை கோழிகளை எண்ணி முடித்ததும் மறுபடி உட்காருவேன். அதற்குள் இந்த 'ழ'வை நேராக நிற்க வைத்துவிடுவேன், பார்.

நீ என் பேரை வாயால் சொன்னதே இல்லை. ரேசன் கடையில் கேட்டால்கூட, "அழகர்கோயில் மேல முருகன் இருக்காரே, அந்த மலை" என்பாய். இப்போது நானே எழுதுகிறேன், படித்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்,
சோலைமலை